குளிர்கால மழையளவோடு காற்றின் திசையையும் குறிக்க வேண்டும்: தெற்கு ஆஸ்திரேலியப் பகுதிகளின் மழைமானிக் குறிப்புகள்

மேற்குப்புறம் (டார்னீட், மெல்பேர்ன்)

அனைவருக்கும் வணக்கம். ஜூன் பிறந்ததிலிருந்து வந்த ஒவ்வொரு குளிர் முகப்புக்கும் (குளிர்ந்த காற்று வெப்பக் காற்றைத் தள்ளிக்கொண்டு முன்னேறும் எல்லைக்கு இந்தப் பெயர்) மெல்பேர்ன் முழுமைக்கும் ஒரே மழையளவுதான் முன்னறிவிக்கப்படுகிறது. அந்த அளவு, டாண்டினாங் மலையடியில் குடியிருக்கும் நண்பர் சாரலின் மழைமானியில் ஏறத்தாழ அப்படியே விழுந்துவிடுகிறது; சில நாள்களில் அதையும் தாண்டுகிறது. எனக்கோ பெரும்பாலும் அதில் கால் பங்குகூடத் தேறுவதில்லை. இருவரும் வைத்திருப்பது ஒரே வகைக் கைமானி, இருவரும் அளப்பது காலை 9 மணிக்கு. ஆகவே கருவியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒரு வேண்டுகோளோடுதான் இந்த இழையைத் தொடங்குகிறேன். நாம் எல்லோரும் மி.மீ. கணக்கை மட்டும் பதிந்து வருகிறோம். மழை பெய்தபோது காற்று எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதையும் அதனருகில் எழுதினால், நம் இடங்களுக்கிடையே உள்ள வேறுபாட்டுக்குக் காரணம் புலப்படும் என்று நம்புகிறேன். உங்கள் ஊர்களில் குளிர்கால மழை எந்தக் காற்றோடு வருகிறது, எந்தக் காற்றில் பொய்க்கிறது என்பதை எழுதுங்கள்.

சாரல் (ஃபெர்ன்ட்ரீ கல்லி, மெல்பேர்ன்)

நண்பருடைய மானியில் குறை இல்லை. அவர் வீடு ஆட்வே மலைத்தொடரின் மழை மறைவுப் பகுதியில் இருக்கிறது. தென்மேற்குக் காற்று தெற்குப் பெருங்கடலிலிருந்து ஈரத்தோடு வந்து, 600 மீட்டருக்கு மேல் உயர்ந்த அந்த மலைகளில் ஏறும்போதே தன் சுமையின் பெரும்பகுதியை இறக்கிவிடுகிறது. மலை மீதுள்ள வீயாப்ரோய்னாவில் ஆண்டுக்கு 1,900 மி.மீ. அளவில் பெய்கிறது, அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்குள் இருக்கும் கீலாங்கில் 500 மி.மீ.யைச் சற்றுத் தாண்டினாலே அதிகம். வெரிபி, லாவர்ட்டன், டார்னீட் எல்லாம் அந்த வறண்ட பட்டையின் தொடர்ச்சிதான். வடக்கிலிருந்து காற்று வந்தாலும் மாசிடன் பக்கத்து மலைகள் குறுக்கே நிற்பதால், மேற்குப் புறநகர்களுக்கு இருபுறமும் தடைதான்.

எங்கள் நிலை வேறு. அதே தென்மேற்குக் காற்று போர்ட் ஃபிலிப் விரிகுடாவைக் கடக்கும்போது, தன்னைவிட வெப்பமான நீரிலிருந்து மீண்டும் ஈரத்தை எடுத்துக்கொள்கிறது. பிறகு கிழக்குப் புறநகர்களைத் தாண்டி 633 மீட்டர் உயரமுள்ள டாண்டினாங் மலையில் மோதி மறுபடியும் மேலெழுகிறது. முகப்பு கடந்துபோன பின்னர், வானம் வெளுத்துவிட்டது என்று நகர மையத்தில் இருப்பவர்கள் நினைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில்தான், எங்களுக்குக் கால்மணிக்கு ஒரு தூறலாக இரவு முழுவதும் பெய்து கொண்டிருக்கும். ஒவ்வொரு தூறலும் அற்பம். காலையில் அளவுக்குழாயில் ஊற்றிப் பார்த்தால் அந்தச் சில்லறைகள் சேர்ந்து முகப்பு தந்த மழையை எட்டியிருக்கும்.

திசையைக் குறிக்கும் யோசனையை முழு மனதோடு ஆதரிக்கிறேன். முகப்புக்கு முன் வடமேற்கு, முகப்புக்குப் பின் தென்மேற்கு என்று இரண்டையும் தனித்தனியே எழுத முடிந்தால் இன்னும் நல்லது.

லோஃப்டி அடிவாரம் (அடிலெய்டு குன்றுகள்)

எங்கள் பகுதியைப் போல இதைத் தெளிவாகக் காட்டும் இடம் வேறு இல்லை என்பது என் எண்ணம். அடிலெய்டு நகரத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 530 மி.மீ.; மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வரும் காற்று லோஃப்டி மலைத்தொடரில் ஏறும் இடத்தில், யுரைட்லாவைச் சுற்றி, 1,000 மி.மீ.க்கு மேல், மலையைத் தாண்டி மறுபுறம் இறங்கி மரே பிரிட்ஜ் போய்ச் சேர்ந்தால் 350 மி.மீ. அளவுதான். ஒரே காற்று, ஒரே மேகக்கூட்டம், ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவான கார்ப் பயணத்துக்குள் மூன்று விதமான நிலம். குளிர்காலத்தில் இந்தப் பயணத்தைச் செய்பவர்கள் பச்சை எங்கே முடிகிறது என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

காற்றின் திசையைக் குறிப்பது இந்த மாநிலத்தில் புதிய வழக்கமன்று என்பதையும் சொல்ல விரும்புகிறேன். சார்ல்ஸ் டாட், தென் ஆஸ்திரேலியாவின் அஞ்சல், தந்தித் துறைக்குத் தலைவராகவும் வானியல் கண்காணிப்பாளராகவும் இருந்தவர். தந்தி நிலைய ஊழியர்கள் மழையையும் காற்றையும் குறித்து அனுப்ப, அவற்றை வைத்து அவருடைய அலுவலகம் நாள்தோறும் வானிலை வரைபடம் வரைந்தது. 1879 முதல் 1909 வரையிலான அந்தத் தொகுதிகளைத் தன்னார்வலர்கள் பக்கம் பக்கமாகப் படமெடுத்துக் கணினியில் ஏற்றியிருக்கிறார்கள். அந்த ஊழியர்கள் வானிலை அறிஞர்கள் அல்லர். தந்தி அடிப்பதே அவர்கள் வேலை. ஆனால் மழையோடு காற்றையும் எழுதி வைத்தார்கள் என்பதால்தான் இன்றைய ஆய்வாளர்கள் அந்தக் காலத்துப் புயல்களை மீண்டும் வரைந்து பார்க்க முடிகிறது.

இன்னொரு முன்னோடியையும் இங்கே நினைக்கத் தோன்றுகிறது. 1863 முதல் 1865 வரை வறட்சி வாட்டியபோது, தலைமை நில அளவையாளர் ஜார்ஜ் கோய்டர் குதிரையில் வடக்கே போய், எங்கே வறட்சிக்கும் தாங்கும் உப்புப் புதர் தொடங்குகிறது என்பதைப் பார்த்து ஒரு கோட்டை வரைந்தார். அது ஏறத்தாழ 250 மி.மீ. மழைக் கோடு. மழைமானிகள் அரிதாக இருந்த நிலத்தில் செடிகளையே அவர் மானியாகக் கொண்டார். 1870களில் மழை நன்றாகப் பெய்த சில ஆண்டுகளை நம்பி அந்தக் கோட்டுக்கு வடக்கே கோதுமை விதைக்கப் போனவர்கள், 1880களில் வறட்சி திரும்பியதும் கட்டிய வீடுகளை அப்படியே விட்டுவிட்டுத் திரும்ப நேர்ந்தது. அந்தக் கற்சுவர்கள் இன்றும் நிற்கின்றன.

கோதுமைக்காடு (ஹார்ஷம் அருகில், விம்மெரா)

நான் விவசாயிகளுக்குப் பயிர் ஆலோசனை சொல்பவன். நண்பர்கள் எழுதியவற்றை மதித்தே ஒரு மாற்றுக் கருத்தை வைக்கிறேன். எங்கள் சமவெளியில் ஏறுவதற்கு மலை இல்லை. இங்கே ஒரு பண்ணையாளருக்குத் தேவையான எண்கள் இரண்டு: ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மொத்தம் எவ்வளவு பெய்தது, அது எப்போது தொடங்கியது. காற்றின் திசை அவருடைய விதைப்புப் பெட்டியை நிரப்பாது.

தொடக்கத்தைப் பற்றிச் சொன்னால், ஆன்சாக் நாளான ஏப்ரல் 25ஐ ஒட்டி மண் நன்றாக நனையும்படி முதல் மழை கிடைத்தால் அதுவே நல்ல பருவத்துக்கு அடையாளம் என்று இங்குள்ள பழைய குடும்பங்கள் சொல்லும். அந்த முதல் மழை ஜூன் வரை தள்ளிப்போகும் ஆண்டுகளில், விதை வறண்ட மண்ணிலேயே காத்துக் கிடக்கும். முளைத்தாலும் மண் குளிர்ந்துவிட்டிருப்பதால் பயிர் மெல்லவே வளரும். 2024இலும் 2025இலும் தென் ஆஸ்திரேலியாவிலும் மேற்கு விக்டோரியாவிலும் பலர் பட்ட துன்பம் இதனோடு சேர்ந்ததே.

மொத்த அளவைக் கொண்டு விளைச்சலை மதிப்பிட இங்கே எல்லோரும் அறிந்த ஒரு கணக்கு உண்டு. ஃபிரெஞ்ச், ஷுல்ட்ஸ் என்ற இருவர் 1984இல் வெளியிட்டது அது. அந்தப் பயிர்ப்பருவத்தில் பெய்யும் மழையில் 110 மி.மீ. மண்ணிலிருந்து ஆவியாகிப் போய்விடும் என்று கழித்துவிட்டு, மீதமுள்ள ஒவ்வொரு மி.மீ.க்கும் ஹெக்டேருக்கு 20 கிலோ கோதுமை வரை எதிர்பார்க்கலாம் என்பார்கள். பருவத்தில் 250 மி.மீ. பெய்தால் 2,800 கிலோ, 200 மி.மீ. என்றால் 1,800 கிலோ. ஐம்பது மி.மீ. வேறுபாட்டில் ஒரு டன் போய்விடுகிறது பாருங்கள். இதனால்தான் இங்கே ஒவ்வொரு பண்ணையிலும் ஒரு மானி இருக்கிறது. சில பண்ணைகளில் ஒவ்வொரு வயலுக்கும் ஒன்று இருக்கிறது.

சாரல்

கோதுமைக்காடு அவர்களுக்கு, மொத்தமே முக்கியம் என்பதை ஏற்கிறேன். ஆனால் மொத்தம் ஏன் குறைந்தது என்று கேட்கும்போது திசை வேண்டியதாகிவிடுகிறது அல்லவா? உங்கள் சமவெளிக்கு மலை இல்லாவிட்டாலும் கடல் இரண்டு உண்டு. தென்மேற்கிலிருந்து வரும் முகப்பு உங்களுக்குச் சில மி.மீ.யோடு முடிந்துவிடும். வடமேற்கே இந்தியப் பெருங்கடலிலிருந்து நாட்டைக் குறுக்கே கடந்து நீளும் மேகப்பட்டை வந்து, தெற்கே ஒரு தாழ்வழுத்தத்தோடு இணைந்தால்தான் ஒரே இரவில் இருபது, முப்பது மி.மீ. கிடைக்கும்.

கோதுமைக்காடு

அது உண்மை. நல்ல மழை வடக்கிலிருந்து ஈரம் வரும்போதுதான் கிடைக்கிறது. இந்தியப் பெருங்கடலின் கிழக்குப் பக்கம், அதாவது இந்தோனேசியாவை ஒட்டிய கடல், வழக்கத்தைவிடக் குளிர்ந்திருக்கும் ஆண்டுகளில் அந்த மேகப்பட்டைகள் அரிதாகிவிடுகின்றன. 2019இல் நடந்தது அதுதான். எதிர்மாறாக, 2010, 2016, 2022 ஆண்டுகளில் அந்தக் கடல் வெப்பமாக இருந்து, ஆகஸ்டுக்குப் பிறகு எங்கள் களிமண் பாதைகளில் டிராக்டரே புதையும் அளவுக்குப் பெய்தது. முகப்பு மழை, மேகப்பட்டை மழை என்று பிரித்து எழுதினால் எங்களுக்கும் பயன் உண்டு. இந்தப் பருவத்திலிருந்து எழுதச் சொல்கிறேன்.

டெர்வென்ட் கரை (ஹோபார்ட்)

டாஸ்மேனியாவில் மேற்குக்கும் கிழக்குக்கும் உள்ள இடைவெளி இன்னும் கடுமையானது. மேற்கே குவீன்ஸ்டவுனில் ஆண்டுக்கு 2,400 மி.மீ. அளவில் மழைவீழ்ச்சி; கிழக்கே ஹோபார்ட்டில் 600 மி.மீ.க்குச் சற்றுக் கூடக் குறைய. மாநிலத் தலைநகரங்களில் அடிலெய்டுக்கு அடுத்தபடியாக வறண்ட நகரம் எங்களுடையது என்று சொன்னால், குளிரை மட்டும் கேள்விப்பட்டவர்கள் நம்ப மறுக்கிறார்கள். மேற்குக் காற்று எவ்வளவு பலமாக அடித்தாலும் எங்கள் மானியில் ஒன்றும் சேராது. குனன்யி மலையுச்சி வெண்பனியால் மூடியிருக்கும், கீழே தெரு உலர்ந்திருக்கும்.

எங்களுக்குப் பெருமழை கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வருகிறது. 2018 மே 10, 11 தேதிகளில் தாழ்வழுத்தம் ஒன்று கிழக்கே நிலைகொண்டபோது, நகரத்தில் ஒரே நாள் கணக்கில் 100 மி.மீ.க்கு மேல் பெய்து தெருக்களில் கார்கள் அடித்துச் செல்லப்பட்டன. மலையில் பெய்தது அதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. ஆகவே முன்னறிவிப்பில் மழையளவைப் பார்ப்பதற்கு முன் காற்றின் திசையைப் பார்ப்பது இங்குள்ள அவதானிப்பாளர்களின் வழக்கம்.

கிழக்கு நியூ சவுத் வேல்ஸிலும் இதே கதைதான். சிட்னியில் குளிர்கால மேற்குக் காற்று வறண்டது. மழையைத் தருவது கடற்கரையை ஒட்டி உருவாகும் தாழ்வழுத்தம். 2007 ஜூன் 8ஆம் தேதி ‘பாஷா பல்கர்’ என்னும் சரக்குக் கப்பலை நியூகாசிலின் நோபீஸ் கடற்கரையில் தரைதட்ட வைத்ததும், 2016 ஜூனில் கொலராய் கடற்கரை வீடுகளின் முற்றங்களை அரித்துச் சென்றதும் அத்தகைய தாழ்வழுத்தங்களே.

உறைபனி (கான்பரா)

மழையைப் பற்றியே எல்லோரும் எழுதிவிட்டார்கள். காற்றே இல்லாத இரவுகளைப் பற்றி நான் எழுதுகிறேன். முகப்பு கடந்தபின் உயர் அழுத்தம் வந்து அமரும். வானம் தெளியும், காற்று அடங்கும், தரை தன் வெப்பத்தை வான்வெளிக்கு இழந்துவிடும். குளிர்ந்த காற்று கனமானது. அது சரிவுகளில் இறங்கிப் பள்ளங்களில் தேங்கும். ஆஸ்திரேலியாவில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை, 1994 ஜூன் 29ஆம் தேதி நியூ சவுத் வேல்ஸின் பனிமலைப் பகுதியில் உள்ள சார்லட் பாஸில் பதிவான -23.0 டிகிரி. அதைவிட உயரமான சிகரங்களில் பதிவாகாமல் 1,755 மீட்டரில் உள்ள அந்தப் பள்ளத்தாக்கில் பதிவானதற்குக் காரணம் இந்தத் தேக்கமே. டாஸ்மேனியாவின் மத்திய மேட்டுநிலத்தில் லியவீனியில் 2020 ஆகஸ்ட் 7ஆம் தேதி பதிவான -14.2 டிகிரியும், அதற்குச் சில நாள்கள் முன்பு லான்செஸ்டன் நகரத்திலேயே வெண்பனி பெய்ய வைத்த குளிர்காற்று ஓய்ந்த பிறகு வந்த தெளிந்த இரவில்தான் பதிவாயிற்று.

வெப்பமானியை வேலியில் தொங்கவிட்டிருப்பவர்களுக்கு ஒரு செய்தி. அலுவல் முறையிலான வெப்பமானி, தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில், காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள் இருக்கும். அந்த உயரத்தில் 2 டிகிரி காட்டும்போதே புல்லின் நுனியில் உறைபனி படிந்திருக்கும். ஆகவே காரின் கண்ணாடியில் பனிக்கட்டி படிந்திருக்க, வானிலை மையம் சுழியத்துக்கு மேல் சொல்வதில் முரண்பாடு இல்லை.

தானியங்கி மானி வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். மூடுபனி கவிந்த காலைகளில், மழையே பெய்யாமல் 0.2 மி.மீ. என்று பதிவாகும். புனலின் உட்சுவரில் துளித்துளியாகப் படிந்த பனி வழிந்து, உள்ளே ஊசலாடும் சிறு வாளியை ஒரு முறை கவிழ்த்துவிடுகிறது. அதை அழிக்க வேண்டாம். பக்கத்தில் ‘மூடுபனி’ என்று எழுதுங்கள். கான்பராவின் ஜூன் மாத மழை நாள்களை எண்ணும்போது இந்தக் குறிப்பு இல்லாவிட்டால் கணக்கு திரிந்துவிடும்.

மேற்குப்புறம்

உறைபனி அவர்களே, நன்றி. வெண்பனி மானியில் விழுந்தால் எப்படி அளப்பது? பல்லரட்டில் இருக்கும் உறவினர் கேட்கிறார்.

உறைபனி

மானியை வீட்டுக்குள் எடுத்துவந்து உருகவிட்டு நீரை அளக்க வேண்டும். அவசரமென்றால், அளந்த வெந்நீரை ஊற்றிக் கரைத்து, ஊற்றிய அளவைக் கழித்துவிடலாம். ஆனால் காற்றோடு விழும் வெண்பனியில் பெரும்பகுதி மானியின் வாயைத் தாண்டிப் பறந்துவிடுவதால், கிடைப்பது எப்போதும் குறைவான கணக்கே. பனியின் ஆழத்தைத் தனியே, காற்று குவிக்காத ஓரிடத்தில், அளவுகோலால் அளந்து எழுதுங்கள். பெரிஷருக்கும் சார்லட் பாஸுக்கும் இடையே ஸ்பென்சர்ஸ் க்ரீக்கில் 1954 முதல் வாரந்தோறும் பனி ஆழத்தை அளந்து வருகிறார்கள். 1981இல் அது 361 செ.மீ.; 2006இல் உச்சத்தில்கூட ஒரு மீட்டரை எட்டவில்லை. அந்தத் தொடரின் மதிப்பெல்லாம் அதே இடத்தில், அதே முறையில் அளந்ததில் இருக்கிறது.

பல்லரட் போன்ற 435 மீட்டர் உயரத்தில் விழுவது பல நேரம் வெண்பனி அன்று. பொரிபோல் வெள்ளையாக, விரலால் நசுக்கினால் நொறுங்கும் மென் உருண்டைகள். தரையில் பட்டுத் துள்ளினால் உருண்டை. மிதந்து வந்து ஒட்டினால் வெண்பனி.

தென்மேற்கு முனை (பெர்த்)

எங்கள் பக்கத்து நிலையைச் சொல்லாவிட்டால் இந்த இழை முழுமை பெறாது. பெர்த் தன் ஆண்டு மழையில் பெரும்பகுதியை மே முதல் செப்டம்பருக்குள் பெற்றுவிட வேண்டும். தவறினால் கோடையில் ஈடு செய்ய வழியில்லை. அப்படிப்பட்ட இடத்தில், 1970க்குப் பிறகு மே முதல் ஜூலை வரையிலான மழை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. முகப்புகளைக் கொண்டுவரும் மேற்குக் காற்றுப் பட்டை, தென் துருவத்தை நோக்கி விலகிப்போய், முன்பு எங்களைத் தொட்ட முகப்புகளில் பல இப்போது தெற்கே கடலிலேயே கடந்துபோவது இதற்கு முக்கியக் காரணம். நாங்கள் எழுத வேண்டியது, எத்தனை முகப்புகள் கரையைத் தொட்டன, எத்தனை தொடாமல் போயின என்பதும்தான்.

மழை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் அணைக்கு வரும் நீரும் அதே அளவுதான் குறையும் என்று வெளியூர் நண்பர்கள் நினைக்கிறார்கள். டார்லிங் மேட்டின் ஜரா மரக்காடுகளில், முதல் மழையெல்லாம் வறண்ட மண்ணை நனைக்கவே போய்விடும். மண் நிறைந்த பிறகு பெய்வதுதான் ஓடையாக ஓடும். குறைவது அந்தக் கடைசிப் பகுதி என்பதால், அணை வரத்து மழையைவிடப் பல மடங்கு சரிந்துவிட்டது. க்வினானாவில் 2006இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை தொடங்கியதன் பின்னணி இதுவே. எண்ணைப் படிக்கும்போது எங்களுக்கு மனம் கனக்கிறது. அதனாலேயே ஒரு நாளையும் விடாமல் எழுதுகிறோம்.

லோஃப்டி அடிவாரம்

புதிதாக வந்திருப்பவர்களுக்காக அளக்கும் முறையைப் பற்றி இரண்டு செய்திகள். மானியின் விளிம்பு தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் இருப்பது இந்நாட்டு வழக்கம். சுவரோ மரமோ இருந்தால் அதன் உயரத்தைப்போல் இரு மடங்காவது தள்ளியிருக்க வேண்டும். புதிய குடியிருப்புகளின் சிறு மனைகளில் இதை முழுமையாகப் பின்பற்ற இயலாது. அப்போது எந்தத் திசையில் தடை இருக்கிறது என்பதை முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். டார்னீட் நண்பரின் மேற்கே மாடி வீடு இருந்தால், மேற்குக் காற்று மழை மட்டும் அவருக்குக் குறைந்து தெரியும். அது மலையின் வேலையா வீட்டின் வேலையா என்பதைப் பிரிக்க அந்தக் குறிப்புதான் உதவும். யூகலிப்டஸ் இலையும் சிலந்தி வலையும் புனல் வாயை அடைத்துவிடும் என்பதால் வாரம் ஒருமுறை விரலை விட்டுத் துடையுங்கள்.

இரண்டாவது, தேதி. காலை 9 மணிக்கு அளப்பது அதற்கு முந்திய 24 மணி நேர மழை; அது அளந்த நாளின் கணக்கில் எழுதப்படும். ஜூன் 30 மாலையில் கொட்டிய மழை ஜூலையைச் சேரும். இங்கே சிலருடைய ஜூன் மொத்தங்கள் பொருந்தாமல் இருப்பதற்கு இது காரணமாகலாம்.

சாரல்

ஒரு கேள்வி எஞ்சியிருக்கிறது. ராடார் படம் இருக்கும்போது திசையை எதற்குக் கையால் எழுத வேண்டும் என்று தனிமடலில் ஒருவர் கேட்டிருந்தார். ராடார் கற்றை தொலைவு செல்லச் செல்ல உயரே போகிறது. குளிர்காலத் தூறல் மேகங்களோ தாழ்வானவை. அதனால் எங்கள் மலையில் சிறுமழை நிற்காமல் பெய்து கொண்டிருக்கும்போதே படம் வெறுமையாக இருக்கும். ஹிமவாரி செயற்கைக்கோள் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அனுப்பும் படத்தில் மேகம் தெரியும், மழை தெரியாது. புனலுக்குக் கீழே நீர் இருக்கிறதா என்பதை அருகே சென்று பார்ப்பவரே சொல்ல முடியும்.

மேற்குப்புறம்

எல்லோருக்கும் நன்றி. லோஃப்டி ஐயா சொன்னபடி பார்த்தேன்: எனக்கு மேற்கே திறந்தவெளிதான், மாடி வீடு கிழக்கே இருக்கிறது. ஆகவே தென்மேற்கு மழை குறைவதற்கு ஆட்வே மலைகளே காரணம் என்று கொள்ளலாம். பாஸ் நீரிணையில் தாழ்வழுத்தம் தங்கி, காற்று தென்கிழக்காகத் திரும்பும் நாள்களில் எனக்கும் சாரலுக்கும் உள்ள இடைவெளி பெரிதும் சுருங்கிவிடுகிறது என்பதை இந்த மாதக் குறிப்பிலேயே காண்கிறேன். ஆனால் அந்தக் காற்றில் மாடி வீடு எனக்கு மறைப்பாக நிற்பதால், உண்மையில் பெய்தது இன்னும் கூடுதலாகவே இருக்க வேண்டும்.

வார இறுதியில் வெளியூர் போகிறவர்கள் திங்கட்கிழமை அளப்பதை மூன்றாகப் பங்கிட்டு எழுத வேண்டாம். ‘மூன்று நாள் மொத்தம்’ என்றே எழுதுங்கள். பாக்கஸ் மார்ஷ், பாலன் பக்கத்தில் மானி வைத்திருக்கும் ஒருவர் நமக்கு வேண்டும். தென்கிழக்குக் காற்று அந்த மேட்டில் ஏறும்போது என்னைவிட அவருக்கு எவ்வளவு கூடுதலாகப் பெய்கிறது என்பதை ஜூலை முழுவதும் ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறேன். தெரிந்தவர்கள் இருந்தால் இந்த இழைக்கு அழைத்து வாருங்கள்.